ஹார்லகோமில் ஹார்லகோம் இல்லை

நெட்டில்பரி, சாமர்செட்
3 ஜனவரி 1934

மதிப்பிற்குரிய மிஸ் லவீனியா ஹார்லகோம் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் முகவரியைப் பிஷப் இல்லத்தின் எழுத்தர் கொடுத்தார். பிஷப் ஆடம் ஹார்லகோம் ஐந்நூற்று நாற்பது வருடத்துக்கு முன் கட்டிவைத்த அந்த இல்லத்தில் ஏழைகளுக்குப் பன்னிரண்டு அறைகள் இருப்பதும், அதில் ஒன்றை அவர் தன் சொந்தக்காரர்களுக்கென்றே ஒதுக்கியிருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த உறவினர் அறை கிறிஸ்துமஸுக்கு முன் காலியானது. அதைக் கேட்டு இரண்டு ஹார்லகோம்கள் விண்ணப்பித்திருக்கிறார்களாம். ஒருவர் என் அப்பா எஃப்ரைம். இன்னொருவர் நீங்கள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி நிர்வாகிகள் கூடுகிறார்கள். அதற்குள் யார் பிஷப்புக்கு நெருங்கிய உறவு என்று நாமே பேசித் தீர்த்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்று எழுத்தர் சொல்கிறார். எல்லோருக்கும் என்று அவர் சொல்வது தன்னைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தார். போன ஆகஸ்டில் ஒரு கல் சரிந்து இடது கால் நசுங்கிவிட்டது. கால் இருக்கிறது, வேலைக்கு ஆகாது. நாங்கள் இருக்கும் வீடு குவாரியுடையது. மார்ச் 25-க்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மா இல்லை. அம்மா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயதாக நான்கு மாதம் இருந்தது. அன்றோடு பள்ளியை விட்டேன். பதினான்கு வரை போயாக வேண்டும் என்பது சட்டம், டீச்சர் கவனிக்காதது போல இருந்துவிட்டார். இப்போது எனக்குப் பதினாறு.

இந்தக் கடிதத்தை அப்பா எழுதியிருக்க வேண்டும். அவருக்கு எழுத வரும், கேட்கத்தான் வராது. எனக்கும் வராது. தாளில் மட்டும் கொஞ்சம் வரும்.

உங்களுக்கு வேறு போக்கிடம் இருந்தால் எங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டேன். நான்காவது முறை அப்படியே விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
கெசியா ஹார்லகோம்


மீன்துறைக் கேன்டீன், ஹல்
8 ஜனவரி

கெசியா என்ற பெண்ணுக்கு,

முடியாது.

மரியாதையாகக் கேட்டதால் காரணமும் சொல்கிறேன். முப்பத்தொரு வருடமாக இந்தத் துறைமுகத்தில் மீன் இறக்கும் ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறேன். கேன்டீனுக்கு மேலே ஓர் அறை, அதில் நான். வேலை இருக்கும்வரைதான் அறை. ஈஸ்டர் வரும்போது எனக்கு அறுபது முடிகிறது, வேலையும் முடிகிறது. புது ஆள் பெட்டியோடு மேலே ஏறும்போது நான் என் பெட்டியோடு கீழே இறங்க வேண்டும். உனக்கு அப்பா இருக்கிறார். எனக்கு ஒரு பூனை இருந்தது. அதுவும் கப்பலேறிவிட்டது.

இரண்டாவது, நான் பிஷப்பின் நேரடி வாரிசு. “நாம பிஷப்போட நேர் வம்சம், முதுக நிமித்தி உக்காரு” என்று என் தாத்தா சாப்பாட்டு மேசையில் தினமும் சொல்வார். அறுபது வருடமாக நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாவது, அந்த அறைக்கு வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று உன் அப்பாவுக்குத் தெரியுமா? ஒவ்வொரு ஜூனிலும் பிஷப்பின் நினைவு நாளன்று ஊதாத் தொப்பி போட்டுக்கொண்டு பிஷப்பின் நாற்காலியில் உட்கார வேண்டும். விலாங்குமீன் குழம்பின் முதல் கிண்ணம் உறவினருக்கு. மற்றப் பதினொரு பேரும் நிர்வாகிகளும் பாடகர் குழுவும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அதை வழித்துச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது, பேசக் கூடாது. நான் அதற்கென்றே பிறந்தவள்.

உன் அப்பாவின் கால் சீக்கிரம் தேறட்டும். அறையை மறந்துவிடுங்கள்.

லவீனியா ஹார்லகோம்

பி.கு. உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது, அடித்த வரிகள் உட்பட.


நெட்டில்பரி
13 ஜனவரி

மதிப்பிற்குரிய மிஸ் ஹார்லகோம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குழம்பு வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அத்தன பேரு பாக்க நான் சாப்பிடணுமா?”

“ஆமாப்பா.”

“ஸ்பூன் சத்தம் கேக்குமே.”

“கேக்கும்.”

“அதுக்குப் பதிலா நான் மழையில நிப்பேன்” என்றார். நான் துணி மடித்து முடித்த பிறகு, “நான் நின்னா நீயும்ல நனைவ. சரி, சாப்பிடறேன்” என்றார்.

ஆகவே நாங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. மன்னிக்கவும்.

நேரடி வாரிசு என்று நீங்கள் எழுதியதை எங்கள் போதகரிடம் கேட்டேன். அந்தக் காலத்து பிஷப்புகள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாதாம். ஒரு பிஷப்புக்கு நேரடி வாரிசு இருந்தால் அதை வெளியே சொல்லாமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வருகிற சனிக்கிழமை பால் லாரியில் ஹார்லகோம் கிராமத்துக்குப் போகிறேன். இங்கிருந்து ஒன்பது மைல். பிஷப் பிறந்த ஊர் அது. அங்கே தேவாலயத்தில் ஏதாவது எழுதி வைத்திருப்பார்கள், அவர் குடும்பத்தில் மிச்சம் யாராவது இருப்பார்கள்.

உங்கள் கேன்டீனில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள்? ஜன்னலிலிருந்து கப்பல்கள் தெரியுமா? பூனை எங்கே போனது? பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

கெசியா


ஹல்
17 ஜனவரி

கெசியா,

உன் போதகரை வாயைக் கழுவிக்கொள்ளச் சொல். நேரடி என்றால் அண்ணன் தம்பி வழி. பிஷப்புக்கு அண்ணன் தம்பி இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

தாராளமாகப் போய்ப் பார். ஆனால் ஒற்றைக் கண்ணால் பார்க்காதே. உனக்கு எதிராக ஏதாவது கிடைத்தால் அதையும் எழுது. எழுதமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். நானாக இருந்தால் எழுதமாட்டேன்.

இருநூற்று நாற்பது பேர். வெள்ளிக்கிழமை முந்நூறு. ஜன்னலிலிருந்து கப்பல் தெரியாது, அதன் கொடிமரம் மட்டும் தெரியும். எதிர் வீட்டுக் கூரைக்கு மேலே அது நகரும்போது வீடே கிளம்பிப் போவது போல இருக்கும். பூனை ஐஸ்லாந்து போகும் மீன்பிடிக் கப்பலில் போனது. இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை அங்கே அதற்கு யாரையோ பிடித்துப்போயிருக்க வேண்டும்.

எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

லவீனியா ஹார்லகோம்


நெட்டில்பரி
22 ஜனவரி

மதிப்பிற்குரிய மிஸ் ஹார்லகோம் அவர்களுக்கு,

சனிக்கிழமை போய்வந்தேன். சனிக்கிழமையே எழுதியிருக்க வேண்டும். இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அதற்கும் மன்னிக்கவும்.

தேவாலயத்தில் வௌல்ஸ் என்ற அம்மா மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

“யாரத் தேடுற கண்ணு?”

“ஹார்லகோம்னு பேர் உள்ளவங்கள. இந்த ஊருல எந்த வீடுன்னு…”

“அந்தப் பேருல இங்க ஒருத்தரும் இல்லையே.”

“முன்னாடி இருந்திருப்பாங்க.”

“முன்னாடியும் இல்ல. கல்லறையப் போய்ப் பாரு. புத்தகத்தப் பாரு. இந்த ஊருக்குள்ள இருக்கறவன ஊர் பேரச் சொல்லிக் கூப்பிட்டா எவன் திரும்பிப் பாப்பான்? ஊரே திரும்பிப் பாக்கும்.”

கல்லறைகளைப் பார்த்தேன். ஞானஸ்நானப் புத்தகத்தையும் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை. உள்ளே சுவரில் ஒரு மரப்பலகையில் பிஷப்பின் கதை எழுதியிருக்கிறது. அவர் அப்பா மாவு மில் வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் சாதாரண ஆட்களுக்குக் குடும்பப் பெயர் நிலையாக இல்லை. ஊரில் அவரை மில் ஆடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் அண்ணன் நெட்டை வில். நகரத்துக்குப் படிக்கப் போனபோது அங்கே ஏற்கெனவே மூன்று ஆடம் இருந்ததால், எந்த ஊர்க்காரர் என்று சேர்த்து ஆடம் ஹார்லகோம் ஆக்கிவிட்டார்கள். அவர் ஒருவருக்குத்தான் அந்தப் பெயர். அண்ணனுக்கு இல்லை, அப்பாவுக்கு இல்லை. அண்ணனுக்குப் பிள்ளையும் இல்லை.

அப்படியானால் நம் பெயர், அந்த ஊரை விட்டு எப்போதோ கிளம்பிப் போன வேறு யாரோ ஒருவருடையது. உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே ஆள் என்றுகூடச் சொல்ல முடியாது. பிஷப்புக்கு நாம் யாருமே இல்லை.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், எடித். ஸ்பெரிங் என்பவரைக் கட்டிக்கொண்டாள். உயிலில் பிஷப் அவளுக்குத் தன் நல்ல படுக்கையையும் தன் முத்திரை போட்ட பன்னிரண்டு வெள்ளி ஸ்பூன்களையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஸ்பெரிங் குடும்பம் அதே ஊரில் இருக்கிறது. ஊருக்கு மேலே மலைச் சரிவில் பன்றி வளர்க்கிறார்கள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். “அழறதுன்னா அந்தப் பக்கம் உக்காரு, இங்க இப்பதான் தொடச்சேன்” என்றார் அந்த அம்மா. நான் அழவில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கெசியா


ஹல்
25 ஜனவரி

அன்புள்ள கெசியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உருளைக்கிழங்குக் கூடையின் மேல் உட்கார்ந்தேன். எழுந்திருக்க நேரமாகிவிட்டது. உதவிக்கு இருக்கிற பெண் எனக்கு மாரடைப்பு என்று நினைத்து என் வாயில் பிராந்தி ஊற்றினாள். அதை நான் தடுக்கவில்லை.

நீ என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். பிஷப் எழுதி வைத்தது இரத்த உறவுக்கு. இல்லத்தில் இருக்கிறவர்களோ ஐந்நூறு வருடமாகப் பெயரை மட்டும் பார்த்துச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எழுத்தர் பலகை வாசிக்கப் போகிற ஆளில்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி உன் அப்பாவின் கால் என் அறுபது வயதை ஜெயித்திருக்கும். எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். ஏன் சொன்னாய்? பதில் எழுத வேண்டாம்.

ஒரு அண்டா சூப் கொதிக்கிற நேரம் யோசித்தேன், நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டால் என்ன என்று. அப்புறம் உப்புப் போட்டேனா என்று மறந்து இரண்டு தடவை போட்டுவிட்டேன். இருநூற்று நாற்பது பேர் திட்டினார்கள். பொய் எனக்கு ஒத்துவராது.

ஆகவே இதைக் கேள். இல்லத்தின் விதிப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஒன்பதாவது விதி: உறவினர் எவருக்கும் அறை வேண்டாமென்றால், அவர்களில் மூத்தவர் கைகாட்டும் ஏழை அதில் இருக்கலாம். பக்கத்துச் சிற்றறையில் அவருக்குத் துணையாக, ஆணோ பெண்ணோ, ஒரு பணியாள் இருக்கலாம்.

அந்த ஸ்பெரிங்கிடம் போ. அவனுக்கு அறை வேண்டுமா என்று கேள். வேண்டாமென்றால் எஃப்ரைமா லவீனியாவா என்று கேள். அவன் யாரைச் சொன்னாலும் மற்றவர் சத்தம் போடக் கூடாது. பன்றிக்காரனோடு பேச்சை வளர்க்காதே. வாயைத் திறந்தால் மூடுவதற்குள் சாயந்திரமாகிவிடும் ரகமாகத்தான் இருப்பான். ஒரு பிஷப்பின் இரத்தம் ஐந்நூறு வருடம் ஓடி ஓடிக் கடைசியில் பன்றித் தொட்டியில் வந்து விழுந்ததை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உனக்குப் பேச்சு வராவிட்டால் இந்தக் கடிதத்தையே வாசித்துக் காட்டிவிடு.

லவீனியா


நெட்டில்பரி
29 ஜனவரி

அன்புள்ள மிஸ் ஹார்லகோம்,

வாசித்துக் காட்டிவிட்டேன். முழுவதும்.

ஜெத்ரோ ஸ்பெரிங்குக்கு எழுபது வயதிருக்கும். வாளியும் கையுமாக நின்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“பன்னி வாங்க வந்தியா?”

தலையாட்டினேன், இல்லையென்று.

“விக்க வந்தியா? வழி தெரியலையா? எம் மவன் ஏதாவது வம்பு பண்ணிட்டானா?” ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். “ஊமையா?”

“இல்ல.”

“அப்ப சரி. நான் கொட்டிட்டு வரேன், நீ யோசிச்சு வை.”

அவர் திரும்பி வந்ததும் கடிதத்தை எடுத்து வாசித்தேன். வாசிக்கும்போது எனக்குக் குரல் வரும், என்ன வாசிக்கிறேன் என்றுதான் மனதில் நிற்காது. பன்றிக்காரன் என்ற இடம் வந்த பிறகுதான் தெரிந்தது. நிறுத்திவிட்டேன்.

“ஏன் நிறுத்துற? வாசி.”

வாசித்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். “அந்த வயிறு எரியுதுங்கற எடத்த இன்னொரு தடவ வாசி” என்றார். வாசித்தேன். வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். “பெட்சி, வெளிய வா. ஹல்லுல ஒரு பொம்பள நம்மள நெனச்சு வயிறு எரியுறாளாம்.” அவர் மனைவி பெட்சி அம்மா வந்தார். மூன்றாம் தடவை வாசித்தேன். இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஸ்பூன்களைப் பற்றிக் கேட்டேன். “ஒண்ணு இருக்கு. பன்னிக்கு மருந்து குடுக்கறதுக்கு வச்சிருக்கோம், பல்லு பட்டாலும் வளையாது” என்றார் பெட்சி அம்மா. கழுவிக் காட்டினார். பிடியில் பிஷப்பின் முத்திரை இருந்தது.

“அங்க போய் நான் இருக்கறதா? தொப்பி போட்டுக்கிட்டா? செத்தாலும் மாட்டேன்” என்றார் ஜெத்ரோ. “யாருக்குன்னு நீயே சொல்லு. சீக்கிரம், தீவனம் ஆறுது.”

நான் அப்பா பெயரைச் சொல்லத்தான் போனேன். அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவும், அத்தனை பேர் அவர் வாயைப் பார்ப்பது போலவும் தெரிந்தது. வருடா வருடம் பதினொரு மாதம் அதை நினைத்துப் பயந்துகொண்டே இருப்பார்.

“அறைக்கு லவீனியா” என்றேன். “சின்ன அறைக்கு அப்பா. பணியாளா.”

“நொண்டிக் கால வச்சுக்கிட்டு உங்கப்பன் என்ன பணிவிட செய்வான்?”

“தேவைப்பட்டா பக்கத்துல நிப்பாரு. ஒரு காலால நிக்க முடியும்.”

ஜெத்ரோ வெள்ளிக்கிழமை ஸ்பூனோடு நிர்வாகிகளிடம் போகிறார். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “குழம்பு யாருக்கு?” என்று மட்டும் கேட்டார். உங்களுக்கு என்றேன். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

கெசியா


ஹல்
7 பிப்ரவரி

அன்புள்ள கெசியா,

எழுத்தரிடமிருந்து கடிதம் வந்தது. அறை எனக்கு, சிற்றறை உன் அப்பாவுக்கு. உன் ஜெத்ரோ ஸ்பெரிங் மேசை மேல் ஸ்பூனை வைத்துவிட்டு, “நான்தான் சொந்தக்காரன், வாசனைய வச்சே கண்டுபிடிச்சிருப்பீங்க” என்றாராம். எழுத்தர் அதை ‘விரும்பத்தகாத பேச்சு’ என்று குறிப்பிடுகிறார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. என் வயிற்றெரிச்சலை வாபஸ் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லிவிடு.

இப்போது உன்னைத் திட்ட வேண்டும்.

ஒரு அறை, ஒரு சிற்றறை. ஒன்றில் நான், ஒன்றில் எஃப்ரைம். விதியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மார்ச் 25-க்குப் பிறகு நீ எங்கே படுப்பாய்? வேலியருகே நின்று இரண்டு பேருக்கு வீடு கொடுத்தாயே, மூன்று வரை எண்ண உன் பள்ளியில் சொல்லித் தரவில்லையா? இதைப் படித்ததும் சமையலறையில் ஒரு மூடியைத் தூக்கிப் போட்டேன். நசுங்கிவிட்டது.

என் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. மேலாளரிடம் பேசிவிட்டேன். “வயசு பதினாறா, என்ன தெரியும்?” என்றார். “ஒரு ஆம்பளைக்கு மூணு வருஷமா சமைக்கிறா. இருநூத்தி நாப்பதுங்கறது அதே தான், அண்டாதான் பெருசு” என்றேன். என் தலைமைச் சமையல் வேலை உதவிக்காரப் பெண்ணுக்கு, அவள் இடம் உனக்கு. அவளுக்குப் புருஷன் வீடு இருப்பதால் மேல் அறையும் உனக்கே.

கப்பல் தெரியாது. கொடிமரம் தெரியும். நீதான் கேட்டாய்.

லவீனியா


நெட்டில்பரி
12 பிப்ரவரி

அன்புள்ள மிஸ் லவீனியா,

நான் எண்ணவில்லை என்பது உண்மை. எண்ணியிருந்தால் சொல்ல வாய் வந்திருக்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே கடையில் ரொட்டி கேட்பதற்கே முன்னால் நிற்கிறவர் போகட்டும் என்று காத்திருப்பேன். பின்னால் வருகிறவரையும் முன்னால் விட்டுவிடுவேன். இருநூற்று நாற்பது பேரை எப்படி நிமிர்ந்து பார்ப்பது?

அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவரே படித்தார்.

“போறியா?”

“தெரியலப்பா.”

“இருநூத்தி நாப்பது பேரா?”

“வெள்ளிக்கிழமை முந்நூறு.”

“அம்மாடி” என்றார். பிறகு காலை இரண்டு கையாலும் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார். “நான் இந்த ஊர விட்டு ஒன்பது மைல் தாண்டல. கால் இருந்தப்பவே தாண்டல. எனக்காக நிக்காத. அந்தம்மா கடுதாசியிலயே இந்தக் கத்து கத்துது, எனக்குப் பேச்சுத் துணைக்குக் கொறையே வராது.”

மூன்று நாளாக இந்தத் தாளில் அடுத்த வார்த்தை மட்டும் எழுதாமல் இருந்தது. தபால்காரர் இப்போது வாசலில் நிற்கிறார்.

வருகிறேன்.

கெசியா


பிஷப் இல்லம்
28 மார்ச்

அன்புள்ள கெசியா,

நான் சனிக்கிழமை தெற்கே வந்தேன், நீ ஞாயிற்றுக்கிழமை வடக்கே போனாய். நீ எப்படி இருப்பாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. உன் அப்பா ஜாடை என்றால் மூக்கு பெரிதாக இருக்கும்.

அவரை ஜெத்ரோ ஸ்பெரிங் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார், ஆறு பன்றிக்குட்டிகளுக்கு நடுவே. வாசற்காவலர் வண்டியை உள்ளே விடமாட்டேன் என்றார். “பிஷப்போட சொந்தக்காரன்யா நான், வழி விடு. குட்டிங்களும் சொந்தந்தான்” என்றார் ஜெத்ரோ. முற்றத்தில் இருந்த அத்தனை கிழங்களும் கைதட்டினார்கள். உன் அப்பா ஒரு சாக்கால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் என் பணியாள். நேற்றுக் காலை என் அடுப்பை மூட்ட ஒற்றைக் காலில் நிலக்கரி வாளியோடு வந்தார். பிடுங்கி வைத்தேன். இன்று அதிகாலை நான் எழுவதற்கு முன்னாலேயே வந்து மூட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாளை நான் இன்னும் சீக்கிரம் எழுந்து அவர் அடுப்பை மூட்டப் போகிறேன். இது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. இதுவரை என்னோடு பதினேழு வார்த்தை பேசியிருக்கிறார். அதில் ஐந்து, “கெசியாகிட்டேருந்து கடுதாசி ஏதாவது வந்துச்சா, பாருங்களேன்.”

எழுது.

உனக்கு எந்த உறவும் இல்லாத,
லவீனியா அத்தை


மீன்துறைக் கேன்டீன், ஹல்
6 ஏப்ரல்

அன்புள்ள அத்தைக்கு,

இதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். மூக்கு பெரிதுதான்.

சமையல் பரவாயில்லை. நீங்கள் சொன்னது போல அண்டாதான் பெரிது. அதைக் கழுவ உள்ளே பாதி உடம்பை விட வேண்டியிருக்கிறது. உள்ளே போனால் கொஞ்ச நேரம் யாரும் பார்க்க முடியாது, அதனால் எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. அறை நன்றாக இருக்கிறது. காலையில் மூன்று கொடிமரங்கள் போயின.

கஷ்டம் என்னவென்றால் தட்டு தயாரானதும் ஜன்னலில் நின்று சீட்டு எண்ணைக் கத்த வேண்டும். திங்கட்கிழமை நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. தட்டுகள் வரிசையாக ஆறிப்போயின. முதல் மேசையில் இருந்தவர்கள், “பாப்பா எண்ணச் சொல்றாளா, ஜெபம் பண்றாளா?” என்று கேட்டார்கள். செவ்வாய் இரண்டாவது மேசை வரை கேட்டது. புதன்கிழமை நான் கத்தக் கத்த முதல் மேசைக்காரர்களே பின்னால் எடுத்துச் சொன்னார்கள், தேவாலயத்தில் பாட்டுக்குப் பதில் பாடுவது போல. வியாழன் அவர்கள் வேண்டுமென்றே சும்மா இருந்துவிட்டார்கள். “நீயே சொல்லு” என்றார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. முந்நூறு பேர், புகை, பூட்ஸ் சத்தம். நூற்றுப் பதினாறு வரவேயில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். கதவோரம் கடைசி மேசையில் ஒருவர் கைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மீன் ஆறிக்கொண்டிருந்தது, நல்ல துண்டு, நானே பொரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நான்காவது தடவை கூப்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது கேன்டீனே அமைதியாக இருந்தது. அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“யாரு கத்துனது?” என்றார்.

“நான்தான்” என்றேன்.

கெசியா